வடசென்னை மாடியில் மழைக்காலத் தோட்டம்: புரட்டாசி முதல் மாசி வரை

மாடித்தோட்டம் பற்றிப் படிக்கும் இடமெல்லாம் ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்றே ஆரம்பிக்கிறார்கள். ஆற்றுப் பாசனம் உள்ள ஊருக்கு அது சரி. காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி வாழ்கிற நமக்கு நான் வேறு கணக்கு சொல்வேன். நம் தோட்டத்துக்கு வருஷம் பிறப்பது புரட்டாசியில். காரணம், உப்பு.

நம் பக்கம் பல தெருக்களில் போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கும். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுமீறி உறிஞ்சியதில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிட்டதைப் பல பத்தாண்டுகளாகவே ஆய்வாளர்கள் எழுதிவருகிறார்கள். மாசியிலிருந்து ஆவணி வரை பெரும்பாலோர் செடிக்கு ஊற்றுவது இந்தத் தண்ணீரைத்தான். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு செடி வைத்த பையிலேயே (குரோ பேக்) தங்கிவிடும். தொட்டி விளிம்பில் படிகிற வெள்ளைப் பொருக்கு அதுதான். இலை நுனி கருகுகிறது, கத்தரியில் பூ உதிர்கிறது, கீரை முளைத்த இடத்திலேயே நிற்கிறது என்று சொல்லிக் கடையில் டானிக் வாங்குகிறார்கள். மண்ணில் உப்பு இருக்கும்வரை எந்த டானிக்கும் எடுபடாது.

அந்த உப்பைக் கழுவித் தருவது வடகிழக்குப் பருவமழை. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ. அதில் பாதிக்கு மேல், ஏறக்குறைய 800 மி.மீ., அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். வாய் 1 அடி அகலமுள்ள ஒரு குரோ பேக் அந்த மூன்று மாதத்தில் தன் தலைமேல் மட்டும் 55 லிட்டருக்கு மேல் நல்ல தண்ணீரை வாங்கிக்கொள்கிறது. பையின் கொள்ளளவே 20 லிட்டர்தான். அதாவது, மண் இரண்டு மூன்று முறை முழுசாகக் கழுவப்படுகிறது. இதைக் காசு கொடுத்துச் செய்ய முடியாது.

செடியைக் கொல்வதும் இதே மழைதான். ஆகவே இந்தப் பருவத்தில் நமக்கு இரண்டே வேலை: பையிலிருந்து தண்ணீரைத் தங்குதடையில்லாமல் வெளியே விடுவது, கூரையிலிருந்து விழும் தண்ணீரைப் பிடித்து வைப்பது. கீழே சொல்லப்போவதெல்லாம் இந்த இரண்டின் விரிவுதான்.

முதலில் தளம்

புரட்டாசியை ‘பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்’ என்பார்கள். காய்கிற அந்த நாட்களில் தளத்து வேலையை முடித்துவிட வேண்டும்.

மாடியில் தண்ணீர் வெளியேறும் ஓட்டையைப் பாருங்கள். செடி வைத்திருக்கும் மாடியில் அங்கே மண்ணும் இலையும் அடைந்திருக்கும். சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சரசரவென்று இறங்க வேண்டும். ஓட்டையின் வாயில் கம்பி வலையைக் குமிழாக வளைத்து வைத்தால் இலை அடைக்காது. தட்டையாக வைத்தால் ஒரே மழையில் இலை மூடிவிடும்.

பைகளைத் தளத்தில் நேராக வைக்காதீர்கள். ஒவ்வொரு பைக்கும் கீழே இரண்டு செங்கல், நடுவில் இடைவெளி. பையின் ஓட்டை அந்த இடைவெளிக்கு மேல் வர வேண்டும். பைக்கு அடியில் ஈரம் நிற்காமல் காற்றாட இருந்தால்தான் தளமும் ஊறாது, கீழ் வீட்டுக்காரரோடு மனஸ்தாபமும் வராது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

அப்புறம் எடை. 20 லிட்டர் பை மழையில் ஊறினால் 25 கிலோவைத் தொடும். புதிய கான்கிரீட் தளத்தில் சுவர் ஓரமாகவும், பீம் போகும் வரிசையிலும் வைத்தால் பயமில்லை. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் இன்னும் தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இருக்கின்றன. அந்தத் தளத்தின் நடுவில் ஒரு பைகூட வேண்டாம். சுவரின் தலைமேல் நிற்கிற பாகத்தில் மட்டும், அதுவும் சின்னத் தொட்டிகளாக வைத்துக்கொள்ளுங்கள். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

வெயில் எங்கே விழுகிறது என்பதும் இப்போது மாறும். மார்கழியில் நம் ஊரில் நடுப்பகல் சூரியனே தெற்கே சாய்ந்து 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தண்ணீர்த் தொட்டிக்கும் படிக்கட்டு அறைக்கும் வடபக்கம் ஆடியில் வெயில் வாங்கிய இடம் இப்போது நிழலாகிவிடும். தக்காளி, கத்தரியைத் தெற்குப் பக்கம் கொண்டுபோங்கள். நிழல் விழும் இடத்தை வல்லாரைக்கும் பொன்னாங்கண்ணிக்கும் விடுங்கள்.

மண் கலவை: மழைக்கு வேறு, கோடைக்கு வேறு

செம்மண் ஒரு பங்கு, கோகோ பீட் (தென்னை நார்த்தூள்) ஒரு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு என்பது எல்லோரும் சொல்லும் அளவு. கோடைக்கு அது நல்ல கலவை. ஆனால் கோகோ பீட் தண்ணீரைப் பிடித்துவைப்பதற்கென்றே சேர்ப்பது. அடைமழையில் அது நமக்கு எதிரி.

மழைக்கு நான் சொல்லும் அளவு: செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் அல்லது நன்றாக மட்கிய சாண எரு ஒரு பங்கு, கோகோ பீட் அரைப் பங்கு, இத்துடன் நெல் உமியும் பட்டாணி அளவு உடைத்த செங்கல் தூளும் சேர்த்து ஒன்றரைப் பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. செங்குன்றம் பக்கமிருந்து வரும் செம்மண் நர்சரிகளில் கிடைக்கும். களிமண் கலந்திருக்கிறதா என்று பார்க்க, ஈர மண்ணைக் கையில் உருட்டி நாடாவாக நீட்டிப் பாருங்கள். விரல் நீளத்துக்கு உடையாமல் நீண்டால் அதில் களி அதிகம். உமியைக் கூட்டிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கிறதே என்று கடற்கரை மணலை மட்டும் அள்ளி வராதீர்கள். உப்பைப் போக்கத்தானே இத்தனை பாடு!

கோகோ பீட் கட்டியிலும் உப்பு உண்டு. ஊறவைத்துப் பிழிந்து இரண்டு மூன்று முறை கழுவச் சொல்வார்கள். கரிக்கிற போர் தண்ணீரில் கழுவி என்ன பயன்? ஊறிய கோகோ பீட்டை ஓட்டை போட்ட சாக்கில் கட்டி முதல் இரண்டு மழைக்கு வெட்டவெளியில் போட்டுவிடுங்கள். மழையே கழுவிவிடும்.

பழைய பை மண்ணைத் தூக்கிப் போட வேண்டாம். மேலே படிந்த வெள்ளைப் பொருக்கை ஓர் அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, மீதியைக் கிளறி, பழைய வேர்களைப் பொறுக்கி, பாதிக்குப் பாதி புதுக் கலவை சேருங்கள். செடி நடாமல் முதல் மழைகளை வாங்கட்டும். உப்பு கழுவிய மண்ணில்தான் நாற்று போக வேண்டும்.

வேர் ஏன் மூச்சு முட்டுகிறது

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மழைக்காலச் சாவுகளில் பெரும்பாலானவை நோயால் நேர்வதில்லை, மூச்சுத் திணறலால் நேர்கின்றன.

வேருக்கு ஆக்சிஜன் வேண்டும். மண்துகள்களுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் காற்று இருக்கும்வரை அது கிடைக்கும். அந்த இடுக்குகளைத் தண்ணீர் நிரப்பிவிட்டால், அதற்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். மூச்சில்லாத வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் தண்ணீரில் நிற்கிற தக்காளிச் செடி வாடிப்போகிறது. வாடுகிறதே என்று இன்னும் ஒரு குவளை ஊற்றினால் அன்றோடு சரி. சந்தேகம் வந்தால் விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்து செடி வாடியிருந்தால் தண்ணீர் வேண்டாம். பையின் அடி ஓட்டையில் மூக்கை வைத்துப் பாருங்கள். அழுகின முட்டை வாடை அடித்தால் அடிமண் மூச்சடைத்துக் கிடக்கிறது என்று பொருள்.

பையின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்று பலர் நம்புகிறார்கள். வடியாது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கிப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டி நின்ற பிறகு அதையே நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள். இன்னும் தண்ணீர் கொட்டும். மண்ணும் அப்படித்தான். எவ்வளவு வடித்தாலும் அடியில் ஒரு பட்டை ஊறியே நிற்கும். கீழே ஜல்லி போட்டால் அந்த ஊறின பட்டை ஜல்லிக்கு மேலே, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து உட்காரும். ஆகவே ஜல்லிக்குப் பதிலாக உயரமான பை எடுங்கள். அகலமாகத் தட்டையாக இருக்கும் தொட்டியைவிட, உயரமான பையில் வேருக்குக் காய்ந்த இடம் அதிகம். ஓட்டைகளை அடியில் மட்டும் போடாமல், பக்கவாட்டில் தரையிலிருந்து ஓர் அங்குலத்தில் நாலைந்து போடுங்கள். அடி ஓட்டை மண்ணால் அடைத்தாலும் பக்க ஓட்டை வேலை செய்யும். மண் ஒழுகாமல் இருக்க ஓட்டையின் மேல் ஓர் ஓட்டாஞ்சில்லு போதும்.

பைக்குக் கீழே தட்டு வைத்திருந்தால் புரட்டாசியிலேயே எடுத்து அடுக்கி உள்ளே வைத்துவிடுங்கள். வேர் அழுகுவது ஒருபுறம், டெங்கு கொசு வளர்வதும் அதில்தான்.

மழைத் தண்ணீரைப் பிடித்து வைப்பது

100 சதுர அடிக் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் கிட்டத்தட்ட 90 லிட்டர். ஒரு நல்ல மழையில் 200 லிட்டர் டிரம் நிறைந்து வழிந்துவிடும்.

முதல் மழையைப் பிடிக்காதீர்கள். மணலி, எண்ணூர் பக்கத்து மாடிகளில் கைவைத்தால் கறுப்புத் தூசி ஒட்டும். அதெல்லாம் முதல் மழையோடு போகட்டும். இரண்டாவது, மூன்றாவது மழையிலிருந்து பிடியுங்கள். டிரம் வாங்கும்போது உள்ளே முன்பு என்ன இருந்தது என்று கேட்டு, முகர்ந்து பார்த்து வாங்குங்கள். நம் பக்கம் ரசாயனம் வந்த டிரம்களும் விற்பனைக்கு வரும். எண்ணெயோ சாறோ வந்த டிரம் மட்டும் எடுங்கள். வாயை வெள்ளைத்துணியால் இறுக்கிக் கட்டி, மேலே மூடி போட்டுவிட்டால் கொசுவும் வராது, வெளிச்சம் படாததால் பாசியும் பிடிக்காது. கொசுப் புழு பார்க்க மாநகராட்சி ஊழியர்கள் வந்தால் தைரியமாகத் திறந்து காட்டலாம். நிறைந்த டிரம் 200 கிலோ. அதற்கும் சுவர் ஓரம்தான் இடம்.

பிடித்த தண்ணீரை எல்லாச் செடிக்கும் சமமாக ஊற்றாதீர்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். உங்கள் போர் தண்ணீர் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு உப்பு) என்று தெரிந்தால் எந்தச் செடிக்கு எந்தத் தண்ணீர் என்று பிரிக்கலாம். பீன்ஸ், கேரட், வெங்காயம், முள்ளங்கி நான்கும் உப்புக்கு மிகவும் பயந்தவை. 500-க்குக் கீழே இருந்தால்தான் நன்றாக வரும். முட்டைகோஸ் 750 வரை தாங்கும், தக்காளி 1,000 வரை. பீட்ரூட் 1,500-ஐயும் பொறுத்துக்கொள்ளும். கடலோரத்தில் எதையாவது வேர்க்காய் போட ஆசைப்பட்டால் பீட்ரூட்டில் ஆரம்பியுங்கள். டிரம் தண்ணீரை நாற்றுக்கும் பீன்ஸுக்கும் வைத்துக்கொண்டால் மாசி வரை ஓட்டலாம்.

ஐப்பசி: வெளியே விதைக்காதீர்கள், உள்ளே நாற்று விடுங்கள்

ஐப்பசி அடைமழையில் வெளியே தூவிய கொத்தமல்லியும் முளைக்கீரையும் ஒரே நாளில் அடித்துக்கொண்டு போய்விடும். அந்த மாதம் நாற்று மாதம்.

குழித்தட்டில் சலித்த மண்புழு உரமும் கழுவின கோகோ பீட்டும் பாதிக்குப் பாதி. விதையை சூடோமோனாஸ் தூளில் (அழுகல் நோயைத் தடுக்கும் நுண்ணுயிர்த் தூள்) பிரட்டிப் போடுங்கள். கிலோ விதைக்கு 10 கிராம் என்பது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு. நம் பாக்கெட் விதைக்கு ஒரு சிட்டிகை தாராளம். மழைச்சாரல் படாத, ஆனால் வெளிச்சம் நிறைய வருகிற இடம் வேண்டும். தகரத்துக்குக் கீழே வைத்தால் நாற்று வெளிச்சம் தேடி ஒல்லியாக நீண்டுவிடும். கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் ஷீட்டைக் கூடாரமாகக் கட்டி, இரண்டு பக்கமும் திறந்து விடுங்கள். மூடிய கூடாரத்தில் காற்று நின்றுவிடும், நாற்றழுகல் வரும்.

நாற்றழுகலைப் பார்த்ததில்லை என்றால் சொல்கிறேன். மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் படுத்துக் கிடக்கும். எடுத்துப் பார்த்தால் இலை பச்சையாகவே இருக்கும், மண்ணைத் தொடுகிற இடத்தில் மட்டும் தண்டு நூலாகச் சுருங்கி, தண்ணீர் கோத்தது போல இருக்கும். அந்தக் குழியைச் சுற்றியுள்ள குழிகளையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும், பரவிவிடும். வராமல் தடுக்க ஒரே வழி, தண்ணீரைக் குறைப்பது. குழித்தட்டை ஒரு தாம்பாளத்துத் தண்ணீரில் பத்து நிமிஷம் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிடுங்கள், அதுவும் காலையில் மட்டும். மேல்மண் வெளுத்துக் காய்ந்த பிறகு அடுத்த தண்ணீர்.

செம்பருத்தி, மல்லி, கற்பூரவல்லி குச்சிகளை ஒடித்து ஊன்ற ஐப்பசி நல்ல மாதம். காற்றில் ஈரம் இருப்பதால் சுலபமாக வேர் பிடிக்கும்.

என்ன நடலாம்

மழையே பிடிக்கிற செடிகள் சில உண்டு. சேப்பங்கிழங்கு, வல்லாரை, பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை நான்குக்கும் ஐப்பசி ஈரம் கொண்டாட்டம். பால்கனி மட்டும் இருக்கிற வியாசர்பாடி, கொடுங்கையூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இவற்றை அரிசிச் சாக்கில் மண் நிரப்பியே வளர்க்கலாம்.

அவரை மட்டும் ஆடிப்பட்டத்துக்கே போட வேண்டியது. பகல் குறையும்போதுதான் பழைய கொடி அவரை பூக்கும். டிசம்பரில் நம் பகல் சுமார் 11 மணி 20 நிமிடத்துக்கு இறங்கும். ஆடியில் போட்ட கொடி மழையெல்லாம் வளர்ந்து, மார்கழி தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பூசணி, பரங்கியை ஆவணியில் போட்டவர்களுக்கு மார்கழிக் கோலத்துக்குப் பூ தயார்.

மற்றதெல்லாம் கார்த்திகை இரண்டாம் பாதியில். தீபம் முடிந்து மழை இடைவெளி விடத் தொடங்கியதும் நாற்றைப் பைக்கு மாற்றுங்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளில் நம் ஊர் வெப்பம் 20, 21 டிகிரிக்கு இறங்கும். பகலில் 29 ஐத் தாண்டாது. தக்காளிக்கு இரவு குளிர்ந்தால்தான் பூ காயாகும். மே மாதம் பூ பூவாக உதிர்ந்த அதே ரகம் தையில் கிளை ஒடியக் காய்ப்பது அதனால்தான். பெரியகுளம் ஆராய்ச்சி நிலையம் தந்த பி.கே.எம். 1 தக்காளி நம் வெயிலுக்கும் நம் பைக்கும் பழகியது. கத்தரி, மிளகாய் இதே நேரம். முட்டைகோஸ், நூல்கோல் தைரியமாக வையுங்கள். காலிஃபிளவரில் மட்டும் சமவெளிக்கான முன்பருவ ரகம் என்று கேட்டு வாங்க வேண்டும். மலைப்பகுதிக்கான ரகத்துக்கு நம் குளிர் போதாது, இலை இலையாக வளர்ந்து பூ வைக்காது. கேரட் வரும், ஆனால் ஊட்டி கேரட் நீளத்தை எதிர்பார்க்காதீர்கள். குட்டை ரகம் போதும். முள்ளங்கி 40 முதல் 45 நாளில் கைக்கு வரும். கொத்தமல்லி, வெந்தயக் கீரை, பாலக்கை இரண்டு வாரத்துக்கு ஒரு தொட்டி என்று பிரித்துப் போட்டால் மாசி வரை சமையலுக்குக் குறைவிருக்காது.

காற்றும் புயலும்

வாடைக்காற்று கடலிலிருந்து வரும்போது உப்புச் சாரலோடு வரும். கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் வடக்கு, கிழக்குப் பக்கம் 50 சதவீதம் வெயிலை மறைக்கும் பச்சை வலையைக் கட்டுங்கள். தகரமோ பேனரோ வேண்டாம். காற்றை முழுசாக மறித்தால் அது மேலேறிச் சுழன்று பின்னால் இருக்கும் செடிமேல் விழும். வலை காற்றை வடிகட்டித்தான் விடும். பெரிய தொட்டியில் நொச்சியும் பூவரசும் வரிசையாக வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. இரண்டும் உப்புக்காற்றைத் தாங்கும். நொச்சி இலை மாலையில் கொசுப் புகைக்கும் ஆகும். மழை இல்லாமல் காற்று மட்டும் அடித்த நாளுக்கு மறுநாள் காலை டிரம் தண்ணீரால் இலைகளைக் கழுவிவிடுங்கள்.

மீன்பிடிக்கப் போக வேண்டாம் என்று காசிமேட்டில் சொல்லிவிட்டால், சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூரிலும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால், நாமும் வேலையைத் தொடங்க வேண்டும். மாடிச் சுவர்மேல் இருக்கும் தொட்டிகள் முதலில் கீழே. பிறகு பச்சை வலையை அவிழ்த்துச் சுருட்டுங்கள். புயலில் வலை பாயாகிவிடும், கம்பத்தையே பிடுங்கும். உயரமான பைகளைப் படிக்கட்டு அறைச் சுவரை ஒட்டி நெருக்கமாக அடுக்கி, சுற்றிக் கயிறு கட்டுங்கள். பந்தல் கொடியைக் காப்பாற்ற நினைக்காமல், முற்றிய காய்களைப் பறித்துவிட்டுப் பாதிக் கொடியை வெட்டிவிடுங்கள். டிரம்கள் காலியாக இருந்தால் நிரப்பிவிடுங்கள். காலி டிரம் பறந்து பக்கத்து வீட்டில் விழும்.

ஒரு பக்கத்துக் காற்றுக்கு மட்டும் கட்டினால் போதாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தபோது, வடக்கேயிருந்து அடித்த காற்று புயலின் கண் கடந்த பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பி அடித்தது. நடுவில் காற்று நின்றதும் முடிந்துவிட்டது என்று மாடிக்கு ஏறாதீர்கள்.

தரையில் செடி வைத்திருப்பவர்களுக்கு வெள்ளம் தனிப் பிரச்சினை. சாக்கடை கலந்த வெள்ளம் தொட்ட கீரையைக் கழுவியும் சாப்பிடக் கூடாது, பிடுங்கி எறிந்துவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகப் பகுதி வீடுகளுக்குள் எண்ணெயும் வந்தது. அப்படி எண்ணெய் படிந்த மேல்மண்ணில் காய்கறி வைக்கவே வேண்டாம். அந்த மண்ணை அகற்றி, வேறு மண் போட்டு, உயரமான பாத்தி அமைத்துத்தான் தொடங்க வேண்டும்.

மழை கழுவிய சத்தைத் திருப்பிக் கொடுப்பது

உப்பைக் கழுவும் மழை தழைச்சத்தையும் கழுவிவிடும். நாலு நாள் மழைக்குப் பிறகு அடி இலைகள் மஞ்சளாவது பெரும்பாலும் அதனால்தான். மழைக்கு முன்பு மொத்தமாக உரம் போடுவது வீண். மழை விட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, வாரம் ஒருமுறை கொடுங்கள்: பைக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம், அடுத்த வாரம் ஒரு கரைசல்.

வடசென்னையில் இருப்பவர்களுக்கு மீன் அமிலத்தைவிடச் சிறந்த கரைசல் இல்லை. மூலப்பொருள் காசிமேட்டில் கிடக்கிறது. மீன் வெட்டித் தரும் அக்காவிடம் “செடிக்கு வேணும்க்கா” என்று கேட்டுப் பாருங்கள், “தலை, குடலு எல்லாம் எடுத்துக்க கண்ணு” என்று பை நிறையத் தருவார். மீன் கழிவு ஒரு கிலோவுக்கு வெல்லம் ஒரு கிலோ. பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றி மாற்றி அடுக்கி மூடி, நிழலில் வையுங்கள். முதல் வாரம் வாயு சேரும் என்பதால் மூடியை அவ்வப்போது தளர்த்திவிட வேண்டும். பூனை எட்டாத இடமாகப் பார்த்து வையுங்கள். 21 நாளுக்கு மேல் ஆனதும் மீன் நாற்றம் போய், புளித்த பழ வாசனை வரும். தேன் நிறத்தில் வடிகிற அதை லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. கலந்து, வெயில் ஏறுவதற்கு முன் இலையில் தெளியுங்கள். மீன் வேண்டாம் என்பவர்களுக்குப் பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மி.லி.

வீட்டில் மட்கு போடுகிறவர்களுக்கு ஒன்று. மழையில் காய்ந்த இலை கிடைக்காது. ஆவணியிலேயே இரண்டு மூட்டை சருகு சேர்த்து நனையாமல் வைத்துக்கொள்ளுங்கள். காய்கறிக் கழிவு ஒரு கை போட்டால் சருகு இரண்டு கை.

பூச்சி, நத்தை, நோய்

மாவுப்பூச்சியை மழையே அடித்துவிடும். அந்த இடத்துக்கு நத்தை வரும். இரவில் ஈரச் சாக்கை விரித்து, அதன் அடியில் பப்பாளி இலையோ முட்டைகோஸ் இலையோ வையுங்கள். விடிகாலையில் சாக்கைத் தூக்கினால் எல்லாம் அங்கேதான் இருக்கும். கையுறையோடு பொறுக்கி உப்புத்தண்ணீர் வாளியில் போடுங்கள். பெரிய ஆப்பிரிக்க நத்தை மனிதனுக்கு நோய் தரும் புழுவைச் சுமக்கக்கூடியது என்பதால் வெறுங்கையால் தொடக் கூடாது. நத்தைமேல் உப்பைத் தூவுகிறேன் என்று மண்ணில் உப்பைக் கொட்டிவிடாதீர்கள்.

முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சிகள் பகலில் அடிமரத்துப் பட்டையில் கூட்டமாக ஒட்டியிருக்கும். இலைக்குப் போய்த் தேடாமல் அங்கே பாருங்கள். நீளக் கோலில் துணி சுற்றித் துடைத்தெடுக்கலாம்.

மார்கழியில் அவரைக் கொடி நுனியில் அசுவினி மொய்க்கும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, கையால் நசுக்குவது முதல் மருந்து. அதற்கும் அடங்கவில்லை என்றால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து, மாலையில், அடுத்த நாள் மழை இல்லை என்று தெரிந்தால் மட்டும் அடியுங்கள். பொறிவண்டு இருந்தால் எதுவும் அடிக்காதீர்கள், அது பார்த்துக்கொள்ளும். தைப் பனியில் பூசணி, பாகல் இலைமேல் மாவு தூவியதுபோல் சாம்பல் நோய் வரும். அடி இலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் கொடுத்துவிட்டு, புளித்த மோரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து வாரம் ஒருமுறை தெளித்தால் கட்டுப்படும்.

மழை நாளில் காய் பிடிக்க

கொடியில் பூ நிறைய, பிஞ்சு மட்டும் வெம்பி விழுகிறது என்றால் தேனீ வரவில்லை என்று அர்த்தம். மழையில் தேனீ பறக்காது, மகரந்தமும் நனைந்து கட்டியாகிவிடும். கையால்தான் சேர்க்க வேண்டும். பூசணி, பாகல் காலையில் மலரும். சுரை, பீர்க்கு, புடலை மாலையில் மலரும், அதைக் காலையில் போய்த் தேடினால் சுருங்கிக் கிடக்கும். பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருக்கும், ஆண் பூவின் காம்பு வெறுமையாக இருக்கும். ஆண் பூவைப் பறித்து இதழ்களை உரித்துவிட்டு, நடுவில் உள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். விரலில் மஞ்சள் ஒட்டினால் மகரந்தம் நல்ல நிலையில் இருக்கிறது. மழை வரும்போல் இருந்தால் தடவிய பூவின்மேல் ஒரு காகிதக் குல்லாயைக் கவிழ்த்துவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் பிஞ்சு கீழே குனியத் தொடங்கினால் பிடித்துவிட்டது. கோலத்துக்கு ஆண் பூவை மட்டும் பறியுங்கள், அதுவும் இந்த வேலை முடிந்த பிறகு.

மாசி பிறந்ததும் நல்ல செடியில் இரண்டாவது, மூன்றாவது கொத்துக் காயை விதைக்கு விட்டு நூல் கட்டி வையுங்கள். உங்கள் மாடியின் உப்பையும் காற்றையும் தாங்கிய விதை அது. நிழலில் காயவைத்து, சாம்பலில் பிரட்டி, கண்ணாடி பாட்டிலில் ரகத்தின் பெயரும் வருஷமும் எழுதி ஒட்டுங்கள். டிரம்மில் மிச்சமிருக்கும் மழைத் தண்ணீரைக் குடிநீர்ப் பாத்திரம் காப்பதுபோல் மூடியே வையுங்கள். பங்குனியில் வெண்டை, கொத்தவரை விதை முளைக்கிற முதல் பத்து நாளுக்கு அது தேவைப்படும்.